கலங்கிய குழாய்கள்

சோதனைக்கு வந்த சீழ் தன் கணவனின் அண்ணனுடையது என்பதால், அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவளே எடுத்துக்கொண்டாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, அவர் கோழிக்கடைக்காரர். எலும்பு முனை விரலில் குத்தியதும் துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார். இப்போது வலது கை முழங்கை வரை வீங்கிக் கருத்துவிட்டது.

தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகளை மேலே வைத்தாள். கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழும். மறுநாள் ஒரு பொட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை. ஓரம் வரை பாய் விரித்தாற்போல் கிருமி. மிச்சமிருந்தது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கடைசிக்கு ஒதுக்கியிருந்த பழைய மருந்து ஒன்றுதான். பொட்டில் வைத்தால் அது சரியாகப் பரவாது. அதனால் குழாய்களில் கிருமியோடு மருந்தின் அளவைக் கூட்டிக் கூட்டிக் கலந்து வைத்தாள். குழாய் தெளிந்திருந்தால் மருந்து கேட்கிறது, கலங்கினால் கிருமி ஜெயித்துவிட்டது.

எல்லாமே கலங்கியிருந்தன.

வார்டுக்குப் போனபோது அவர் சிரிக்கப் பார்த்தார்.

"என்னம்மா, வீட்டு ஆளுன்னு பாஸ் போட்டியா?"

"எந்த மருந்துக்கும் கேக்கல மாமா. கோழியில இருந்து வந்த கிருமி."

அவர் நம்பவில்லை. கண்ணெதிரே வெட்டும் கோழியைவிடப் புதுசு எங்கே கிடைக்கும் என்றார். அவள் பொறுமையாகச் சொன்னாள். குஞ்சுகள் நோயில்லாமல் சீக்கிரம் எடை போட வேண்டும் என்று பண்ணையில் இதே மருந்துகளைத் தீவனத்தில் கலக்கிறார்கள். நோஞ்சான் கிருமிகள் செத்துவிடும். தப்பிப் பிழைத்தவை குடலில் பெருகும். கடையில் எல்லாக் கோழியையும் ஒரே வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் ஒரே டிரம்மில் போட்டால், ஒன்றின் கழிவு அத்தனையின் தோலிலும் ஏறும். நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். ஆனால் கத்தியும் பலகையும் கையும் வேகுவதில்லையே.

"உயிரோட வர்றது கோழி மட்டும் இல்ல மாமா."

கையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவர்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லு. ஒரு நாள் பொறுத்துப் பாப்பமா?"

"பொறுத்தா கையோட போகாது."

அவர் சம்மதம் என்று தலையசைத்தார். அதற்கப்புறம்தான் இருவருக்கும் அது உறைத்தது. கடையில் இப்போது தம்பி, அவள் கணவன், கையுறை இல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

அவள் போன் போட்டாள். கூட்டம் நிற்கிறது, அண்ணன் சொல்லாமல் மூட மாட்டேன் என்றான். அண்ணன் இடது கையால் போனை வாங்கினார்.

"ஷட்டரை இறக்குடா."

"இருக்கிற கோழியை என்ன பண்றது?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பண்ணைக்காரனை எடுத்துக்கச் சொல்லு," என்றார்.

பண்ணைக்காரன் அடுத்த தெருக் கடையில் இறக்கிவிடுவான் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.