படம் நின்று நின்று வந்தால்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புத் தாளிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரவுசிங் சென்டர் சுவரில் அது ஒட்டியிருந்தது. 'படம் நின்று நின்று வந்தால் செய்ய வேண்டியவை' என்று தலைப்பு. படத்தைச் சிறிதாக்கவும். மற்ற வேலைகளை நிறுத்தவும். பொறுக்கவும்.

'பொறுக்கவும்' என்ற ஒரு சொல்லுக்காக எழுத உட்கார்ந்தேன். வராத படத்தின் முன்னால் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியபின், அந்த அறையில் ஒருவர் மட்டும் படம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

2

சில தொடக்கங்கள்.

'1999இல் ஒரு சனிக்கிழமை மாலை, பாளையங்கோட்டையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு கிருபைராஜ் தன் மகளின் கல்யாணத்துக்குப் புறப்பட்டார். கல்யாணம் அமெரிக்காவில்.' பரவாயில்லை. ஆனால் இதில் ஒரு குறும்பு இருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது.

'அவமானம் என்பது' (இதை முடிக்கவில்லை.)

'மாப்பிள்ளையின் பெயர் சங்கிலிபூதத்தான்.' இதுதான். இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

3

மாப்பிள்ளையின் பெயர் சங்கிலிபூதத்தான். பேட்டைக்காரப் பையன். அவன் அப்பாவுக்கு அங்கே ஒரு லேத் பட்டறை. பையன் படித்து அமெரிக்கா போனான். அங்கே அவன் சேர்ந்த கம்பெனியில்தான் ஸ்டெபியும் வேலை பார்த்தாள். கிருபைராஜுக்கும் சாலோமி டீச்சருக்கும் ஒரே மகள்.

சங்கிலிபூதத்தார் ஊர்க்காவல் தெய்வம். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். எந்தத் தெரு, எந்தக் கோயில், எந்த மாதம் கொடைத் திருவிழா என்பதுவரை கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

கிருபைராஜ் சபைக் கமிட்டியின் செயலாளர். இவனைத்தான் கட்டுவேன் என்று மகள் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. சர்ச்சில் வைத்துத்தான் கல்யாணம் என்று தெரிந்ததும் பாதி ஆறிவிட்டார். மீதியைப் போனில் கேட்டார்.

"தம்பி, ஜோஷுவான்னு மாத்திக்கிடலாமே. நல்ல பேரு."

பையன் உடனே சொன்னான்.

"மாமா, பேர மட்டும் விட்டுருங்க. எங்கம்மா நேந்துக்கிட்டு வச்சது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது யாரோ கேட்டார்கள். மாப்பிள்ளை பேரு என்ன? கிருபைராஜ் நிமிராமல் சொன்னார்.

"ஜோஷுவா."

சொன்னபோது அது பொய்யில்லை, ஆசை. பையன் மனம் மாறுவான், பெயர் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும் என்று நம்பினார். மறு ஞாயிறு ஐயர் அதைப் பீடத்திலிருந்து அறிவித்தார். (பாளையங்கோட்டையில் குருவானவரை ஐயர் என்பார்கள்.) அன்றிலிருந்து அது பொய்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. கிருபைராஜின் பூட்டனாரும் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் இப்படி ஒரு பெயரோடுதான் இருந்தார் என்று அதில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கதை கிருபைராஜைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலிருந்தது. அவர் ஏற்கனவே ஏறித்தான் நிற்கிறார்.)

4

விசா கிடைக்கவில்லை. கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே பார்க்கலாம் என்று ஸ்டெபி சொன்னாள். அங்கே காலை, இங்கே சாயங்காலம்.

சென்டரை நடத்தியவள் மைதீன் பாத்திமா. சாலோமியிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். அன்றைக்கு உள்ளறையில் பெஞ்சு இழுத்துப் போட்டிருந்தாள். ஐயரும் அவர் மனைவியும் வந்தார்கள். கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். சாலோமியின் தம்பி தேவசிகாமணி எல்லோருக்கும் முன்னால் இடம் பிடித்தார்.

பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று பாத்திமா படத்தைப் பெரிதாக்கினாள். அது உடைந்தது.

"வெள்ளையா நிக்கது ஸ்டெபியா, தூணா?" என்றார் தேவசிகாமணி.

"சும்மா இருலே," என்றாள் சாலோமி.

"மாப்பிள்ளைக்கு மூஞ்சியே இல்லக்கா. கட்டங்கட்டமா வாராரு, குறுக்கெழுத்துப் போட்டி கணக்கா. அத்தான், இத நாமதான் நிரப்பி அனுப்பணுமோ?"

சிரித்தார்கள். கிருபைராஜும் சிரித்தார். கட்டங்கள் அவருக்கு ஆறுதலாக இருந்தன.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். பெரிசாக்குனதுதான் தப்பு." பாத்திமா படத்தைச் சுருக்கினாள். கட்டங்கள் கரைந்தன. இரண்டு தலைகள் தெரிந்தன.

"சார், மத்த ரெண்டு கம்ப்யூட்டரையும் நிப்பாட்டிருதேன். எல்லாம் ஒரே லைன்ல இழுக்குதுல்லா."

"வேண்டாம்மா. ஒன் பொழப்ப எதுக்குக் கெடுக்க?"

கேட்டவர்களுக்கு அது பெருந்தன்மை. ஐயர் தலையசைத்தார். பாத்திமா நிறுத்திவிட்டாள்.

படம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அவள் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய் ஏதோ ஓர் எண்ணைக் குறைத்தாள். ஒவ்வொன்றையும் அவள் சரிசெய்யச் செய்ய, கிருபைராஜ் பெஞ்சில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தார்.

பிறகு படம் ஒரேயடியாக நின்றது. ஸ்டெபியின் கை பாதி தூக்கிய நிலையில் நின்றது. கிருபைராஜ் மூச்சு விட்டார். ஆனால் பேச்சு வந்துகொண்டிருந்தது.

"இது என்னம்மா?" என்றார் ஐயர். "வாய் அசையல, வேதம் வாசிக்காவ!"

"அப்பிடித்தான் ஐயா செஞ்சு வச்சிருக்காங்க. லைன் பத்தலேன்னா மொதல்ல படத்த விட்டுரும். சத்தத்த விடாது."

படம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் கிருபைராஜ் நம்பியிருந்தார்.

வேதவாசிப்பு முடிந்தது. ஐயர் முன்னால் குனிந்தார். ஊரில் எத்தனையோ கல்யாணம் நடத்தியவர். "அடுத்து உடன்படிக்கை. பேரச் சொல்லிக் கேப்பாவ. எல்லாரும் சத்தமில்லாம இருங்க."

கரகரவென்று ஓர் ஒலி குறுக்கிட்டது. பாத்திமா திரும்பினாள். "முன்னறைல யாரும் போன எடுக்கலல்லா? இன்டர்நெட்டும் அந்த போன் லைன்லதான். எடுத்தா அறுந்துரும்."

"நான் பாக்கேன்," என்று கிருபைராஜ் எழுந்தார்.

5

இந்த இடத்தை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை, இருட்டில் அவர் கை போன்மீது பட்டுவிட்டது. இரண்டாம் தடவை, யாரோ வாடிக்கையாளர் எடுத்தார். இரண்டும் அவருக்கு நான் செய்த உபகாரம். அவர் கேட்காதது.

முன்னறையில் யாருமில்லை. போன்மேல் பூத்தையல் போட்ட துணி மூடியிருந்தது. துணியை எடுத்து மடித்து வைத்தார். ரிசீவரை எடுத்தார். காதில் வைத்தார். கம்பியில் ஓர் இரைச்சல். மகளின் கல்யாணம் அந்த இரைச்சலாகத்தான் வந்துகொண்டிருந்தது. அது காதுக்குள்ளேயே அறுந்தது.

உள்ளே எல்லோரும் ஒரே குரலில் 'ச்சே' என்றார்கள்.

அவர் ரிசீவரை வைத்தார். துணியைப் போர்த்தினார். உள்ளே போனார்.

"யாரும் எடுக்கல," என்றார்.

6

சாலோமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவள் ஒரு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது சோம்பேறித்தனம். பிறகு ஒரு கேள்வி வந்தது. இத்தனை பேரையும் கூப்பிட்டது யார்?

அவள்தான். "சொல்லிருங்க," என்று கணவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "பையச் சொல்லுதேன்," என்பார். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. சபையில் வீடு வீடாகப் போய், "வாங்க, எல்லாரும் உக்காந்து பாப்போம்," என்று அழைத்தாள். பெயர் தானாக அந்த அறைக்குள் வந்துவிட வேண்டும். அவர் வாயாலும் வேண்டாம், தன் வாயாலும் வேண்டாம். அவர்மேல் அவளுக்கு இருந்த இரக்கம் அது.

'யாரும் எடுக்கல' என்று அவர் சொன்னபோது மற்றவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அவரைப் பார்த்தாள்.

"திரும்பப் போட்டுப் பாரும்மா," என்றாள் பாத்திமாவிடம்.

பாத்திமா போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். ஒருவழியாகப் படம் வந்தது. இந்தத் தடவை உடையவில்லை, நிற்கவில்லை. சர்ச் காலியாக இருந்தது. வரிசை வரிசையாகப் பெஞ்சுகள் தெளிவாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் தரையில் கிடந்த வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் லைன்தான் சார் சரியில்ல," என்றாள் பாத்திமா. அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. "மன்னிச்சுக்கிடுங்க. டீச்சருக்கு ஒரு காரியம் செய்யணும்னு பாத்தேன்."

கிருபைராஜ் பரவாயில்லை என்று கையை அசைத்தார்.

"விடுங்க அத்தான்," என்று தேவசிகாமணி அவர் தோளில் கை போட்டார். அதுவரை கேலி பேசிய மனிதர். "கேசட் அனுப்புவாவல்லா. ஜோஷுவா மூஞ்சிய அப்பம் பாத்துக்கிடலாம்."

ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டார்கள். அந்தக் கைகளை அவர் தாங்கிக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். 'தாங்கிக்கொண்டார்' என்பதை எடுத்துவிட்டேன். நின்றார்.

7

முடிவுகள்.

அவர் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி அழுகிறார். எழுதினேன். எழுத எழுத எனக்கே நிம்மதியாக இருந்தது. அதனால் சந்தேகப்பட்டு நீக்கினேன்.

சாலோமி சொல்லிவிடுகிறாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்றாள்.

யாருக்கும் தெரியாமலே போகிறது. முடியாது. கேசட் வரும்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஐயர் எழுந்தார்.

"நமக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. ஜெபம் பண்ணிட்டுக் கலைவோம். நான் பண்ணல. பெத்தவரே பண்ணட்டும். ரெண்டு பிள்ளைகளையும் பேர் சொல்லி ஆண்டவர்கிட்ட ஒப்புக்குடுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டார்கள். பாத்திமாவும் கதவோரம் தலை குனிந்து நின்றாள். கண்கள் மூடின. சாலோமியின் கண்கள் மட்டும் மூடவில்லை.

"ஆண்டவரே," என்றார் கிருபைராஜ். "இன்னைக்கு உம்முடைய சந்நிதியில ஒண்ணாக்கப்பட்ட எங்க மகள் ஸ்டெபியையும், எங்க மருமகன்

இதற்குமேல் நான் எழுதவில்லை. வாசகரே, மருமகனின் இரண்டு பெயரும் உங்களுக்குத் தெரியும். ஆமென் சொல்ல எல்லோரும் காத்திருக்கிறார்கள்.