மூன்று அகப்பைத் தண்ணீர்

ஏப்ரல் கடைசியில் ஆடும் நாற்காலியின் ஓட்டைகள்மேல் சுலேவி ஒட்டிவைத்த காகிதத்தில் ஜூன் பிறந்ததும் பதினோரு ஓட்டைகள் விழுந்திருந்தன. ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு. நாற்காலியின் காலடியில் வெளிர் மஞ்சளாகப் புதுத் தூள் வேறு. பழைய ஓட்டைகளாக இருந்தால் காகிதம் அப்படியே இருந்திருக்கும். புழுக்கள் மூன்று நான்கு வருடம் உள்ளேயே மரத்தைத் தின்று வளர்ந்து, வெயில் கண்டதும் வண்டாகிக் காகிதத்தைக் கடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கின்றன.

"உசிரோட இருக்கு," என்றான் மண்டியிட்டபடியே.

ஹில்க்கா காப்பியைக் கீழே வைத்தாள். "சுவருக்குப் போயிடுமா?"

"விட்டா போகும். வீடே மரம். அதுக்குக் கல்யாண விருந்து."

அந்த நாற்காலி ஆர்வி செய்தது. ஆர்வி ஹில்க்காவின் முதல் கணவன், போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சுலேவி, தானும் ஒருத்தியைப் பறிகொடுத்தவன், அறுபத்தெட்டு வயதில் இவளைக் கட்டிக்கொண்டு இந்தக் கடலோர வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட அவன் உட்கார்ந்ததில்லை. விறகுப் பெட்டிமேல் உட்காருவான். முதுகு வலித்தாலும் அங்கேதான்.

நடுக்கோடைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். கரையில் மூட்டுகிற பெருநெருப்புக்கு ஊரெல்லாம் உடைசல் திரட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு காலெர்வோ டிராக்டரில் வந்து நின்றான்.

"உளுத்த சாமான் இருக்காமே. குடு, ஏத்திட்டுப் போறேன். நெருப்புல போட்டா வண்டுக்கும் சேர்த்துத் திருவிழா."

சுலேவி ஹில்க்காவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"சுலேவிக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யட்டும்," என்றாள். "நான் அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்."

பொம்பளை 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினால் அர்த்தம் என்ன என்று முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? எரித்தால் அவள் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஆயுசுக்கும் கேட்கமாட்டாள். அதுதான் அவனுக்குப் பயம்.

பயம் மட்டும்தானா என்றால், இல்லை. அவள் ஏறிய பஸ் வளைவில் மறைந்ததும் அவனுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. ஆர்வி ஒழிந்தான், வண்டு செய்த புண்ணியம் என்று. அடுத்த நிமிடமே வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. செத்தவனோடு என்னடா போட்டி உனக்கு, தடியா, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஏத்தட்டுமா?" என்றான் காலெர்வோ.

"வேண்டாம். சௌனாவுல வைக்கப்போறேன்."

வண்டுக்குச் சூடு ஆகாது. மரத்தின் நடுமையம்வரை ஐம்பத்தைந்து டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நின்றால் புழு, முட்டை எல்லாம் காலி. சௌனா என்றால் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற அறை; சுலேவி அந்தக் குளியலறை அடுப்பை நிதானமாக மூட்டினான். நாற்காலியை நடுவில் வைத்தான். உட்சூட்டைப் பார்க்க, நாற்காலிக் காலின் பருமனிலேயே ஒரு விறகுக் கட்டையை எடுத்து, துளை போட்டு, கிறிஸ்துமஸ் பன்றித்தொடை வெந்ததா என்று குத்திப் பார்க்க ஹில்க்கா வைத்திருக்கும் வெப்பமானியை அதில் செருகினான். பிறகு கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு மேல்பலகையில் காவலுக்கு உட்கார்ந்தான். துணி எதற்கு? சௌனாவில் துணியோடு உட்கார அவனுக்கென்ன பைத்தியமா.

நாலு மணி நேரம் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தான். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. அதன்பிறகும் ஒரு மணி நேரம் ஓடியது. வேலை முடிந்தது.

முடிந்த சந்தோஷத்தில்தான் வினை. நம் ஆளைச் சூடான கல்லுக்கும் தண்ணீர் வாளிக்கும் நடுவில் உட்காரவைத்து ஊற்றாதே என்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. அவன் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. ஒரு அகப்பை. கல் சீறியது, ஆவி தோளில் இறங்கியது, அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது. மூன்றாவது ஊற்றும்போதுதான் கீழே 'டக்' என்று ஒரு சத்தம்.

ஆர்வி பழைய முறையில் எலும்புப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். அது உலர்ந்த சூட்டைத் தாங்கியது. ஆவியைத் தாங்கவில்லை. முதுகுப்பட்டை ஒன்று நழுவியது, கை சாய்ந்தது, அப்புறம் நாற்காலி மொத்தமும் பெருமூச்சு விட்டாற்போல் தரையில் உட்கார்ந்துவிட்டது.

சுலேவி அம்மணமாக அதன் முன்னால் நின்றான். அழுகை வந்தது, அழுதான்.

இரண்டு நாள் கழித்து ஹில்க்கா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவன் படியில் நின்றிருந்தான். குளியலறைக்குக் கூட்டிப் போனான். துணி விரித்து இருபத்தேழு துண்டுகளையும் வரிசையாக வைத்திருந்தான். அவள் ஒரு துண்டை எடுத்து, பசை விட்டுப்போன முனையைத் தடவினாள்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்திட்டேன்."

"எத்தனை அகப்பை?"

"மூணு."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆர்வியா இருந்தாலும் ஊத்தியிருப்பான்," என்றாள். "அவன் அஞ்சு ஊத்தியிருப்பான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ எரிக்கக் குடுத்திருப்பேன்னு நினைச்சுட்டேன்யா. பஸ்ல வரும்போது கரையில குவிச்ச உடைசல் பக்கமே திரும்பல. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

"தப்பில்ல. ஒரு நிமிஷம் நானும் நினைச்சேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கால் மட்டும் தேறவில்லை. உள்ளே சல்லடையாக இருந்தது, விரலால் அழுத்தினாலே மாவானது. அதைக் காலெர்வோவிடம் கொடுத்தார்கள். நடுக்கோடை நெருப்பில் அது ஒரு நொடியில் எரிந்துபோனது. புதுக் காலை சுலேவியே செதுக்கினான். ஸ்டியரிங் பிடித்த கை, உளி பிடித்ததில்லை. கோணலாகத்தான் வந்தது. மற்றதையெல்லாம் புதுப் பசை போட்டு இறுக்கி, பழைய ஓட்டைகளின்மேல் மறுபடி காகிதம் ஒட்டி, ஒரு வருடம் காத்திருந்தார்கள். அதுவரை யாரும் உட்காரவில்லை.

அடுத்த நடுக்கோடையன்று ஹில்க்கா கண்ணாடியும் டார்ச்சுமாகத் தரையில் படுத்து ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தாள். ஒரு ஓட்டை இல்லை. துளித் தூள் இல்லை.

"செத்துப்போச்சு எல்லாம்," என்று எழுந்தாள். "உட்காரு."

"நீ உட்காரு. அது ஆர்வியோட நாற்காலி."

"மூணு வருஷமா விறகுப் பெட்டில உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கறே. நான் என்னிக்காவது உட்காராதேன்னு சொன்னேனா?"

"உட்காருன்னும் சொல்லலையே."

ஹில்க்கா டார்ச்சை அணைத்தாள். அது உண்மைதான்.

"நீ அதை வெறுக்கறேன்னு நினைச்சேன்," என்றாள் மெல்ல.

"உனக்கு வலிக்கும்னு நினைச்சேன்."

"மூணு கால் அவனோடது, ஒண்ணு உன்னோடது. உட்காருய்யா, இப்போ சொல்றேன்."

சுலேவி பஸ் ஏறுகிற கிழவன் மாதிரி மெல்ல உட்கார்ந்தான். நாற்காலி முனகியது, ஆனால் தாங்கியது. பின்னால் போகும்போதெல்லாம் கோணல் கால் பக்கம் தரையில் லேசாகத் தட்டியது. ஹில்க்கா விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அது நின்றது. அவன் தூங்கிவிட்டிருந்தான். கரையில் நெருப்பு மூட்டக் காலெர்வோ கூப்பிட்டான். அவள் சுலேவி விழித்துவிடாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவனுக்கு ஊற்றிய காப்பியையும் தானே குடித்தாள்.