ஹபிபுல்லா பக்குவப்படுத்திய மண்

பினாங்கிலிருந்து செம்மண்டலத்துக்குத் திரும்பிய ஹபிபுல்லா இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு, எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் கொண்டுவந்தார். பெட்டிகளை மட்டும் ஒரு வாரத்தில் காலி செய்ய முடிந்தது.

1963 புரட்டாசியில் அவர் மனைவி அஜீசுன்னிசாவின் தம்பி அப்துல் ஹக், சிதம்பரத்திலிருந்து ஒரு சாக்கு சம்பங்கிக் கிழங்கும், வேரில் மண்ணில்லாமல் ஈரச்சாக்கில் சுற்றிய ரோஜாச் செடிகளும் கொண்டுவந்தான்.

"சீக்கிரம் நட்டுடுங்க மச்சான். வேரு காஞ்சா போச்சு."

"மண்ணு பக்குவமில்லாம நடுறது கொலைக்குச் சமம்," என்றார் ஹபிபுல்லா.

முழங்கால் ஆழம் தோண்டினார். களிமண் வந்தது. அதை மன்னிக்க மனமில்லாமல் இடுப்பளவு தோண்டினார். அள்ளிய மண்ணைச் சலித்து, மக்கிய எருவும் ஆற்றுமணலும் கலந்து மதிலோரம் குவித்தார். தினமும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து, "இன்னும் வரல," என்பார். எது வர வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"ஏங்க, கெழங்கு சாக்குலயே மொளைக்குது," என்றாள் அஜீசுன்னிசா.

"அவசரம் அதுக்கு. நமக்கில்ல."

ரோஜாக்கள் வந்த அன்றே அவள் அவற்றைக் கிணற்றடி ஈரமணலில் வேர்மூடப் புதைத்து வைத்திருந்தாள். பக்குவத்தில் மூழ்கியிருந்தவர் செடிகளைத் தேடவே இல்லை.

ஐப்பசி மழை இறங்கியது. குழி குளமானது, தங்களுக்காகவே வெட்டியதென்று நம்பி அடுத்த வீட்டு வாத்துகள் குடியேறின. நனைந்துகொண்டே மண்ணை முகர்ந்த ஹபிபுல்லா காய்ச்சலில் படுத்தார். அஜீசுன்னிசா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, மழை விட்ட நேரத்தில் மதிலோரக் குவியலை மேட்டுப்பாத்தியாகச் சமன்செய்து கிழங்குகளை ஊன்றினாள், ரோஜாக்களையும் நட்டாள். எவ்வளவு பெய்தும் மேட்டில் தண்ணீர் நிற்கவில்லை.

மாசியில் தெருவே மணத்தது. பார்க்க வந்தவர்களிடம் ஹபிபுல்லா சாய்வு நாற்காலியிலிருந்து விளக்கினார்: "மேட்டுப்பாத்திதான் விஷயம். அந்தக் குழி எதுக்குன்னு நெனச்சீங்க? வடிகால்."

டீ கொண்டுவந்த அஜீசுன்னிசாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

அப்துல் ஹக்கும் அன்று வந்திருந்தான்.

"ஒங்க வீட்டு மண்ணையும் வந்து பக்குவம் பண்ணித் தர்றேன்," என்றார் ஹபிபுல்லா.

"தோட்டம் பூரா சிமெண்டு போட்டாச்சே மச்சான்."

அது பொய். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு அதை உண்மையாக்கிவிட்டான்.