மைக்கேல் டோலனின் அப்பன்

"மூணாவது பேரு?" என்று கேட்டுவிட்டு, எள்ளும் தண்ணீரும் ஏந்திய கையை நீட்டியபடியே காத்திருந்தார் கல்யாணசுந்தரம்.

குமரேசன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வசுமதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் புருஷன் ராஜசேகரன் போய் இன்றோடு பதினாறாம் நாள். டொரோண்டோவின் டோர்செட் பார்க்கில் எட்டாவது மாடி வீடு. சாம்பிராணிப் புகை பக்கத்து வீட்டுக்குப் போய் யாராவது புகார் சொல்லிவிடப் போகிறார்களே என்று கதவிடுக்கில் பழைய துண்டைச் செருகியிருந்தார்கள். 1976-இல் இந்த ஊரில் கருமாதிக்கு ஐயர் தேடினால் எங்கே கிடைப்பார்? வாரமெல்லாம் பாலங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர் கல்யாணசுந்தரம்தான், தகப்பனாரிடம் கேட்டுப் படித்த மந்திரத்தோடு, சனி ஞாயிறுகளில் எல்லார் வீட்டுக்கும் ஐயர்.

செத்தவரை அவருடைய முன்னோர் மூன்று பேரோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆளுக்கு ஓர் உருண்டைச் சோறு, பேர் சொல்லி. அப்பா சாமிநாதன், சரி. தாத்தா மைக்கேல் டோலன். அதுவும் தெரிந்த கதைதான். திருச்சிப் பட்டாளத்துக்கு வந்த அயர்லாந்துக்காரன், உறையூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே மண்ணாகிப் போனான். அந்த மைக்கேலைப் பெற்ற அப்பன் யார்? அங்கேதான் முடிச்சு.

"தெரியாட்டிப் பரவால்ல தம்பி, சாமி பேரு ஒண்ணைச் சொல்லிடலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு," என்றார் கல்யாணசுந்தரம்.

இதே யோசனையை ஊர் ஐயர் சொன்னபோது ராஜசேகரன் எகிறிக் குதித்தாராம். "பசிச்சவனை அடுத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எப்படிய்யா வருவான்?" அன்றிலிருந்து தன் அப்பாவின் திவசத்தில் மூன்றாவது உருண்டையை வைக்கும்போது மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். டொரோண்டோவுக்கு வந்ததும் பைத்தியம் முற்றிவிட்டது. சனிக்கிழமை விடிந்தால் நூலகம். பட்டாளத்துப் பதிவு, அதைப் பிடித்து ஊர், ஊரைப் பிடித்து மாதாகோயில் ஞானஸ்நானப் புத்தகம் என்று மைக்ரோபிலிமைச் சுற்றிச் சுற்றிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். "செத்தவங்களுக்கு இருக்கிற யோகம் எனக்கில்ல. என்னைக்காவது ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று வசுமதி பொரிந்து தள்ளுவாள். மனுஷன் சிரிப்பார்.

கடைசிச் சனிக்கிழமை கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வசு, அந்த ஊர்ல ஒரே வருஷத்துல ரெண்டு மைக்கேல் டோலன் பொறந்திருக்கான். ஒருத்தன் அப்பன் தாமஸ், இன்னொருத்தன் அப்பன் பேட்ரிக். எவன் நம்மாளுன்னு புரியல. ரெண்டு அப்பனுமே உருளைக்கிழங்குப் பஞ்சத்துல போயிருக்காங்க. பட்டினியில செத்தான்னே எழுதி வச்சிருக்கான்."

அடுத்த வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான்.

"தாமஸ்னு சொல்லிடலாம்மா," என்றான் குமரேசன். "பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்குல்ல?"

"தாமஸ் இல்லாம பேட்ரிக்கா இருந்தா?"

"ரெண்டுல ஒருத்தன் எப்படியும் யாரோதானேம்மா."

"யாரோதான். அவனும் பட்டினியில போனவன்தானே? ஒருத்தனை உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டுட்டு, இன்னொருத்தனை வாசல்ல நிக்க வைக்கிறதா?" அவள் குரல் உடைந்தது. இத்தனை நாளும் வராத அழுகை, முகம் தெரியாத யாரோ இரண்டு பேருக்காக வந்து தொலைத்தது. ஐயோ, இதைக் கேட்க அவர் இல்லையே என்றிருந்தது அவளுக்கு.

"இல்லம்மா, கணக்கு மூணுதான். கூடக் குறைய வைக்கக் கூடாது," என்றார் கல்யாணசுந்தரம் தணிந்த குரலில்.

"பாலத்துக்கு வேணா கணக்குப் பாருங்கண்ணா. சோத்துக்குப் பாக்காதீங்க."

அவர் இன்னும் கொஞ்சம் எள்ளைக் கையில் அள்ளிக்கொண்டார்.

வசுமதி பாத்திரத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த சோற்றையெல்லாம் வழித்து இரண்டு உருண்டையாகத் திரட்டி மகன் கையில் வைத்தாள். "பேரைச் சத்தமாச் சொல்லு."

"தாமஸ் டோலன்," என்று சொல்லி ஒன்றை வைத்தான் குமரேசன். எள்ளும் தண்ணீரும் விழுந்தன. "பேட்ரிக் டோலன்."

நான்காவது உருண்டை பெரிதாகிவிட்டது. இலையில் வைத்த இடத்தில் நிற்காமல் லேசாகச் சாய்ந்து, மூன்றாவதை ஒட்டி நின்றது.