புளித்த எண்ணெய்

வீரம்மா கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் தம்பி சின்னமுத்து யாரிடமோ சொல்வது கேட்டது.

"எங்க மச்சான் மெஷினையே ஒடச்சுட்டு வந்துட்டாராம். அந்த ரோசத்துலதான் நெஞ்சடைச்சிருச்சு."

அவள் கை நின்றது.

சோடாப் போத்தலுக்கு ஏற்றும் காஸை அடைத்து அனுப்பும் ஆலையில் அவள் புருஷன் சேதுராமன் கம்ப்ரசர் பார்த்தவர். எண்ணெய் மாற்றிய ஒரே வாரத்தில் பேரிங் அரித்துப்போய் அது நின்றுவிட்டது. எண்ணெய் புளித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவசரத்துல பழசு அடில நிக்க புதுச ஊத்திட்டேன் புள்ள. புளிச்ச மாவு சட்டியில ஒட்டியிருந்தா புது மாவும் புளிச்சிருமே, அப்படி." நேற்றுக் காலையும் இதையே சொன்னார். மத்தியானம் போய்விட்டார்.

சாவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இந்தப் பழியோடு அவரை ஹந்தானை மலை மண்ணுக்குள் அனுப்புவதுதான் முடியவில்லை.

வேலையுடுப்போடு நுஸ்கி படியேறி வந்தான். அவரோடு முறை மாற்றி அதே மெஷினைப் பார்த்தவன். நகக்கண்ணெல்லாம் கரி. யாரையும் பார்க்காமல் நேரே போய், வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தவரின் காதருகே குனிந்தான்.

"சேது அண்ணன், கூலரக் கழட்டிப் பாத்துட்டேன். உள்குழாயில ஊசி நுழையிற ஓட்ட ஒண்ணு ஈக்கிது. தண்ணி கசிஞ்சி, காஸோட சேந்து எண்ணெய்க்குள்ள எறங்கியிருக்கு. அது ரெண்டும் சேந்தா புளிப்புத்தானே, சூட்டுல இன்னும் ஏறிட்டுது. அடில நின்ன பழசு ஒரு வாரத்துல பேரிங்கத் தின்னாது. என்ஜினியரும் பாத்துட்டாரு. ஒங்க பிழ இல்ல."

சின்னமுத்து பிடரியைச் சொறிந்தான். "அத ஏன் தம்பி அவருகிட்ட சொல்ற? அக்காகிட்ட சொல்லு."

"அவருதானே கேட்டுக்கிட்டிருந்தாரு."

வீரம்மா கிட்டே வந்தாள். "எப்பப்பா கழட்டுன?"

"விடிய சுபஹு தொழுத கையோட போயிட்டேன் அக்கா."

"ஒண்ணும் சாப்புடலியா?"

அவன் கரிக் கையை வேலையுடுப்பில் துடைத்தான்.

"இதப் புடிச்சிக்க தம்பி." கிண்ணத்தை அவனிடம் கொடுத்தாள். விரலை முக்கி, அவர் மெஷின் எண்ணெயைச் சோதிப்பதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் எண்ணெயைத் தேய்த்து மோந்து பார்த்தாள். பிறகு அவர் உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

குளிப்பாட்டுமுன் அவருக்கு எண்ணெய் வைக்க, சீயக்காயோடு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சின்னமுத்து வந்தபோது நுஸ்கி கிண்ணத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். கடைசி ஆள் வைத்து முடியும்வரை அவன் அதைக் கீழே வைக்கவில்லை.