கிண்ணத்தின் வாயளவு வட்டம்

1

இந்தக் கதை என் சித்தியின் முன்கையில் இருந்த ஒரு வட்டத்திலிருந்து வந்தது. கிண்ணத்தின் வாயளவு, சிவந்து, பொடிப்பொடியாகத் தடித்த வட்டம். என்னவென்று கேட்டேன். "சாப்பாடு போட்டுட்டு வந்தேன்டி" என்றாள்.

சித்திக்கு வேலை, ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்ப்பது. பெண் கொசுக்களைக் கிண்ணத்தில் விட்டு, வலைத்துணி கட்டி, தன் கைமேல் கவிழ்த்துக்கொள்வாள். ரத்தம் குடித்தால்தான் அவை முட்டையிடும். (ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். "இங்கயும் ஆம்பளைங்களுக்கு நோகாத வேலைதான்" என்பாள்.)

2

முதல் தொடக்கம்: காய்ச்சல் ஊரையே படுக்கையில் தள்ளியிருந்த நாட்களில்

வேண்டாம். செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: அவள் கை ஒரு தாயின்

அடித்துவிட்டேன். சித்தி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மூன்றாவது, சித்தப்பா சொன்னது: "ஊரே கொசுவ அடிக்குது. எனக்கு வாய்ச்சது அதுக்கு விருந்து வைக்குது."

இது இருக்கட்டும்.

3

அன்று காலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மத்தியானம் கண்ணுக்குப் பின்னால் வலித்தது; ஊரில் கொசு பரப்பிக்கொண்டிருந்த காய்ச்சலின் முதல் அடையாளம் அது. அப்போது பார்த்து, காய்ச்சல் வந்த வீடுகளை வரைபடத்தில் குறிக்கும் பக்கத்து மேசைக்காரர், "அக்கா, உங்க தெருவும் சிவப்பாயிடுச்சு" என்றார்.

காய்ச்சல் தெரியும் முன்பே கிருமி ரத்தத்தில் ஓடத் தொடங்கிவிடும். அப்படியானால் காலையில் குடித்த கொசுக்கள்?

அவை சோதனைக் கூண்டுக் கொசுக்கள். அந்தக் காய்ச்சலுக்கான புதுத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து கொசுவுக்குக் கிருமி தாவுகிறதா என்று பார்க்க, கிருமியே அறியாத கொசு வேண்டும். தலைமுறை தலைமுறையாக அவள் கைப்பட வளர்த்த கூட்டம் அது.

கை அவளுடையது, காய்ச்சலும் அவளுடையது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

(இங்கே நான் அவளைச் சந்தேகப்பட்டேன். ஒரு வரைவில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவள் யாரோ, என் சித்தி இல்லை.)

4

மேலதிகாரி மேடத்தின் கதவைத் தட்டினாள்.

"மேடம், எனக்குக் காய்ச்சல்."

"வீட்டுக்குப் போய்ப் படுக்கறதுதானே? இதுக்கு எதுக்கு..."

"காலைல சோதனைக் கூண்டுக்கு நான்தான் கை குடுத்தேன்."

மேடம் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"கிருமி இருந்தா மொத்தக் கூண்டையும் குளிர்பெட்டில வச்சுக் கொல்லணும். தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன். என் ரத்தத்த எடுத்துப் பாருங்க. வலது கையில எடுங்க, இடது அரிக்குது."

5

ஒரு முடிவு: ரத்தத்தில் கிருமி இல்லை; வந்தது வேறு காய்ச்சல். கூண்டு பிழைக்கிறது, தடுப்பூசி ஒரு படி ஏறுகிறது.

இன்னொன்று: இருக்கிறது. கூண்டைக் குளிர்பெட்டிக்குச் சித்தியே தூக்கிப்போகிறாள். கதவைச் சாத்தும் முன்

(எழுத வரவில்லை.)

உடம்பு தேறியதும், காகிதத்தில் உலர்த்தி வைத்த பழைய முட்டைகளைத் தண்ணீரில் நனைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், ஒன்று கைதட்டுவீர்கள், அல்லது "ஐயோ பாவம்" என்பீர்கள். கதவைத் தட்டியபோது அவளுக்கு இரண்டுமே கிடையாது.

சோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முடிவை நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறாள். அந்த வட்டம் அரிக்கிறது. சொறியக் கை ஒழியவில்லை.