மெதாரின் தம்பி

பேரேரிக்கரையில் இருந்த எங்கள் வெண்டாட் குடியின் ஊர்களில் வயல்மண் சத்திழந்துபோய், வேறிடம் பெயர்வது என்று முடிவான ஆண்டு அது. இறந்தவர்களை விட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கமில்லை. உயரமான மேடைகளில் மரப்பட்டைப் பெட்டிகளுக்குள் கிடந்தவர்களை இறக்கி, எலும்புகளைத் துடைத்து, எல்லா ஊராரும் சேர்ந்து ஒரே குழியில் இடுவோம்.

அப்போது என் அக்கா அரென்ஹாவின், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீள்வீட்டில் மெதார் என்ற பிரெஞ்சுக்காரன் தங்கியிருந்தான். எங்கள் பேச்சில் உதடுகள் ஒட்டுவதில்லை. அதனால் எங்களுக்கு அவன் எதார். அவனை அனுப்பியவர் பாரிஸில் இருந்த ஓர் அறிஞர். கடலுக்கு இப்பால் இருப்பவர்கள் முழு மனிதர்களா என்று அவர் நூல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு வேண்டியதைப் பார்த்து எழுதி அனுப்புவது எதாரின் வேலை. அதை அவன் எங்களிடம் ஒளிக்கவில்லை.

"உங்களுக்கு ராஜா இல்ல, சட்டம் இல்ல. அதனால காட்டுமிராண்டிங்கன்னு சொல்றாரு," என்றான் ஒருநாள்.

"அவரு எங்களப் பாத்திருக்காரா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"தாடி வச்சிருக்காரா?" என்றாள் அக்கா.

"நெஞ்சு வரைக்கும்."

"அப்ப அவரச் சொல்லிக் குத்தமில்ல. பாவம்."

தாடி மூளையை உறிஞ்சிவிடும் என்பது எங்கள் பெண்களின் கட்சி. எதார் தன் தாடியைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டான்.

அவனோடு அவன் தம்பியும் வந்திருந்தான். அக்காவின் ஒரே மகன் ஏரியில் மூழ்கி இறந்திருந்தான். அந்த மகனின் பெயரை அவள் எதாரின் தம்பிக்குச் சூட்டினாள். பெயர் சூட்டினால் மகன்தான். அதற்குமேல் எங்களிடம் பேச்சில்லை. பனிக்காலத்துக் காய்ச்சலில் அவனும் அவள் மடியிலேயே போனான்.

மேடையிலிருந்து அவனை இறக்கிய காலையில் எதார் ஓடிவந்தான்.

"தொடாதீங்க! செத்த உடம்பையா கிண்டுவீங்க? அந்த அறிஞர் சொன்னது சரியாப் போச்சு! அவன் எங்க சாமியோட பிள்ளை, உங்காளுங்களோட கலக்கக் கூடாது!"

"கத்தாத தம்பி, பிள்ளை பயந்துக்குவான்," என்றாள் அக்கா. "நாங்க கிளம்பிடுவோம். நீயும் கப்பல் ஏறிடுவ. அப்புறம் இவன் இங்க யார் கூட இருப்பான்?"

எதார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

அக்கா முகத்தைத் திருப்பவில்லை. புழுக்களை ஒதுக்கி, ஒட்டியிருந்த தோலை மெல்ல உரித்தாள். குளிப்பாட்டும் குழந்தையிடம் பேசுவது போல, 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு' என்று முணுமுணுத்தாள். ஓர் எலும்பின் நடுவே விரல் நின்றது.

"இந்தக் கை எப்ப உடைஞ்சுது?"

எதார் குனிந்து அந்த எலும்பைப் பார்த்தான். "பேரிக்காய் மரத்துலேர்ந்து விழுந்தான். சின்ன வயசுல."

"அணில் பய," என்று சிரித்தவளின் கண்ணீர் அந்த எலும்பின் மேலேயே விழுந்தது.

எதார் மூக்கிலிருந்து கையை எடுத்தான். அவள் எதிரே மண்டியிட்டு, தன் சட்டையைக் கிழித்து, தம்பியின் மண்டையோட்டைத் துடைக்கத் தொடங்கினான். அன்று அவன் எதுவும் எழுதவில்லை.

விழா நாளில் எல்லா ஊர்களும் வந்து குவிந்தன. நீர்நாய்த் தோல் விரித்த குழியைச் சுற்றி, எலும்பு மூட்டைகளைத் தோளில் சுமந்தபடி மக்கள் கடலாக நின்றார்கள். தலைவர் கையசைத்ததும் நான்கு பக்கமும் மூட்டைகள் அவிழ்ந்தன. எலும்புகள் மழைபோல் கொட்டின. ஆயிரம் தொண்டைகளிலிருந்து ஒரே அழுகை எழுந்தது. காலடியில் மண் அதிர்ந்தது. குழிக்குள் இறங்கியவர்கள் நீண்ட கழிகளால் எலும்புகளைக் கலந்தார்கள். எவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. இதை முன்பும் பார்த்திருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எதார் குழியின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என் தம்பி எங்க இருக்கான்?"

"எல்லா இடத்துலயும்," என்றாள் அக்கா.

பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டு அவன் கப்பலேறினான். அடுத்த கோடையில் படகுகளோடு எங்கள் புதிய ஊருக்குத் திரும்பி வந்தான். மெலிந்துபோயிருந்தான்.

"நூல் வந்துடுச்சு," என்றான். "நான் எழுதினதுல ஒரு வரிகூட அதுல இல்ல. எனக்குப் பைத்தியம்னு சொல்லிட்டாரு."

அக்கா அடுப்பருகே நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். சோளக்கஞ்சியை அகப்பையால் கலக்கி, மீன் துண்டாகப் பார்த்து எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள்.